அப்பா என்ற இடத்தில் ஒரு கையெழுத்து

வருஷா வருஷம் செப்டம்பர் பதினைந்தாம் தேதி ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு எங்கள்மேல் பிரியம் பொத்துக்கொண்டு வந்துவிடும். சரியாக ஒரு மாதம் நீடிக்கும். ஸ்பானிஷ் பேசுகிற எங்களைப் போற்றுவதற்காம், ஹிஸ்பானியப் பாரம்பரிய மாதம் என்று பெயர். பள்ளிக்கூட உணவறையில் காகிதத் தோரணம் கட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளின் தலையில் அகலத் தொப்பியைக் கவிழ்ப்பார்கள். இந்த நாட்டுக்கு எங்கள் ஜனங்கள் ஆற்றிய தொண்டு என்று யாராவது ஒருவர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். அக்டோபர் பதினைந்தோடு தோரணம் குப்பைக்குப் போகும், நாங்கள் மறுபடி கீரை வெட்டப் போவோம்.

நான் இப்படிக் கரித்துக் கொட்டுகிறவள் என்று தெரிந்தும் விழாக் குழுவினர் என்னிடம் வந்தார்கள். இந்த வருஷம் பிரபலங்கள் வேண்டாமாம், ஊரின் சாதாரண மனிதர் யாரைப் பற்றியாவது ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், சுவரில் ஒட்டுவார்களாம். பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் தட்டச்சு செய்தவள் ஆயிற்றே, எழுதத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நான் நிக்கனோர் வில்லேகாஸைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபின்தான் தெரிகிறது, இது ஒரு பக்கத்தில் அடங்காது. சுவரில் ஒட்டுகிற மாதிரியும் முடியாது.

தோன் நிக்கனோர் என்றுதான் ஊரில் எல்லோரும் அவரை மரியாதையாகச் சொல்வோம். டெக்சாஸில் எங்கள் சான் கயெத்தானோவில் உயர்நிலைப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்து, மணியடித்து, பூட்டித் திறந்து முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர். ஒல்லியான ஆள், கழுத்து நீளம், இடுப்பில் சாவிக்கொத்து. இத்தாலியில் சண்டைக்குப் போனபோது பனியில் விறைத்து இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அதனால் தரையைச் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு நடை. மனைவி சீக்கிரமே போய்விட்டாள், பிள்ளை இல்லை.

1945-ல் ஊருக்குத் திரும்பிய அன்று அவர் ராணுவச் சீருடையோடு கடைத்தெருக் காப்பிக்கடைக்குப் போனார். முன்வாசல் வழியாக. வெள்ளைக்காரர் கடை அது, எங்கள் ஆட்கள் பின்பக்க ஜன்னலில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பரிமாறுகிற பெண் மேஜைக்குக் காப்பி கொண்டுவந்தாள், கூட ஒரு துண்டு கேக்கும் வந்தது. அடுத்த வாரம் வேலைச் சட்டையோடு போனார். அதே பெண், அதே மேஜை. பின்பக்கம் போ என்று கையைக் காட்டினாள்.

இதிலிருந்து ஒரு மனிதர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்றுதானே. இவர் தெரிந்துகொண்டது வேறு. சீருடை போட்டால் கதவு திறக்கும் என்று தெரிந்துகொண்டார். நல்ல மனிதர்கள் தப்புக் கணக்குப் போட்டால் அது அவர்களை மட்டும் விழுங்கிவிட்டுப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழியில் பேசினால் பிரம்படி. வகுப்பில் மட்டும் இல்லை, விளையாட்டு மைதானத்தில் பேசினாலும் அடி. தோன் நிக்கனோர் தாழ்வாரத்தில் தரை துடைத்துக்கொண்டே காவல் இருப்பார். வாத்தியார் யாராவது வருகிறார் என்றால் வாளியைத் தரையில் ஒரு முட்டு முட்டுவார். நாங்கள் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கையை அந்த வாளி காப்பாற்றியது என்பதற்குக் கணக்கில்லை. நாட்டுக்கு ஆற்றிய தொண்டு என்று கேட்டால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.

என் அப்பா பால்தோமெரோவும் அவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். வாய்க்காலில் குதித்து, ஒருவரையொருவர் மண்ணில் புரட்டி, வாடா போடா என்று வளர்ந்தவர்கள். 1950-ல் என் அண்ணன் ரமீரோ பிறந்தான். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவர் நிக்கனோர். தலையில் தண்ணீர் விழுந்ததோடு வாடா போடா முடிந்தது. கோயில் வாசலில் இறங்கும்போதே, "பாத்து எறங்குங்க கொம்பாத்ரே" என்றாராம் அப்பா. "நீங்க மொதல்ல எறங்குங்க கொம்பாத்ரே" என்றாராம் இவர். அம்மா எர்லிந்தா சிரித்துச் சிரித்துப் பிள்ளையைக் கீழே போடப் பார்த்தாளாம்.

எங்களில் அது அப்படித்தான். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் பெற்றவனுக்குக் கொம்பாத்ரே, பெற்றவன் அவனுக்குக் கொம்பாத்ரே, பெற்றவள் கொமாத்ரே. கூடப்பிறந்தவனோடு அடித்துக்கொள்ளலாம், கொம்பாத்ரேயிடம் குரலை உயர்த்தக் கூடாது. இருவருக்கும் நடுவே ஒரு கடுஞ்சொல் விழுந்தால் அந்தப் பாவம் பிள்ளையைச் சேரும். பிள்ளைக்கோ அவர் இன்னொரு அப்பா. பேச்சுக்குச் சொல்வதில்லை, அப்பாதான். ரமீரோ அவரைப் பத்ரீனோ என்று கூப்பிடுவான். அந்தக் குரலுக்கு அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவார்.

ஏப்ரல் பிறந்தால் எங்கள் குடும்பம் லாரி ஏறி வடக்கே மினசோட்டாவுக்குப் போகும். சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயலில் களையெடுப்பு. இந்த நாட்டின் காப்பிக் கோப்பையில் கரைகிற சர்க்கரையில் எங்கள் வீட்டு முதுகுவலி கொஞ்சம் கரைந்திருக்கிறது. திரும்ப நவம்பர் ஆகும். எங்களில் எவரும் ஒரு வருஷத்தையாவது பள்ளியில் முழுசாக முடித்ததில்லை. 1967-ல் ரமீரோவுக்குக் கடைசி வகுப்பு. வயது பதினேழு. லாரி வர மூன்று நாள் இருக்கும்போது தோன் நிக்கனோர் வீட்டுக்கு வந்தார்.

"கொம்பாத்ரே, இன்னும் ஆறு வாரம். ஆறே வாரம். பையன் மேடையேறி அந்தக் காகிதத்தக் கையில வாங்கட்டும். என் வீட்ல இருக்கட்டும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள். "தூக்கத்துல போர்வைய ஒதச்சுத் தள்ளுவான்."

"நான் எந்திரிச்சுப் போத்திவிடறேன் கொமாத்ரே."

"மொளகாய அள்ளிப் போட்டுத் திம்பான். அப்புறம் வயித்தப் புடிச்சிட்டு உக்காருவான்."

"பாத்துக்கறேன்."

"உங்க கையில குடுத்துட்டுப் போறேன் கொம்பாத்ரே. வரும்போது உங்க கையிலேருந்துதான் வாங்குவேன்" என்றாள் அம்மா. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சரி என்றார்.

மே மாதக் கடைசியில் ரமீரோ பட்டம் வாங்கினான். எங்கள் வம்சத்திலேயே முதல் ஆள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை, வயலில் இருந்தோம். அன்று காலை அந்த மேடையை மெழுகி வைத்தவர் தோன் நிக்கனோர். மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குளித்து, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பினார். பெற்றோர் வரிசையில் உட்காரப் போகும்போது வாசலில் பட்டியலோடு நின்ற ஆசிரியை, "அப்பாவா?" என்று கேட்டாள். தினமும் அவளுடைய வகுப்பைக் கூட்டுகிறவர்தான். கோட்டில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆமா" என்றார் இவர்.

பத்து நாள் கழித்து ரமீரோ ஒரு படிவத்தோடு வந்தான். ராணுவத்தில் சேரும் படிவம். பதினேழு வயதுக்காரன் சேர வேண்டுமானால் தகப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று நடந்ததைத் தோன் நிக்கனோர் பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்கப்பா நவம்பர்ல வருவாரு. பொறு" என்றிருக்கிறார்.

"வந்து ஒத்துக்குவாரா? களக்கொட்டக் கையில குடுத்து வரிசையில நிறுத்துவாரு. பட்டம் வாங்கி என்ன, பேக்டரில கேட்டதுக்குக் கீர கட்டற எடத்துல ஆள் வேணும்ங்கறான். நீங்க போட்ட சட்டையத்தான நானும் போடறேங்கறேன் பத்ரீனோ. நீங்க என் அப்பா இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொல்லக்கூடிய ஞானத்தகப்பன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. அப்பா என்ற இடத்தில் நிக்கனோர் வில்லேகாஸ் என்று தன் பெயரையே எழுதினார். பையனின் பெயர் ரமீரோ ஓசுனா. அப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு ஒரு குடும்பப் பெயர். படிவத்தை வாங்கிக்கொண்ட சார்ஜென்ட் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் பெயர்களில் எது யாருடையது என்று அவனுக்கு என்ன வந்தது? அவனுக்கு வேண்டியது ஒரு பையன், கிடைத்துவிட்டான்.

வீட்டுக்கு நானே எழுதுகிறேன் என்று ரமீரோ சொன்னானாம். எழுதவும் செய்தான். மினசோட்டாவில் முகாம் அடுப்பு முன்னால் அந்தக் கடிதத்தை அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான், எனக்குப் பதினொரு வயது. ‘அரசாங்கம் என்னைக் கூப்பிட்டுவிட்டது, போகாமல் இருக்க முடியாது’ என்று எழுதியிருந்தான். அப்பா வெளியே போனார். அரசாங்கம் கூப்பிட்டால் என்ன செய்வது? மழை வராததற்கு யாரைக் கேட்கிறோம்?

நவம்பரில் நாங்கள் திரும்பியபோது, ரமீரோ எழுதிய பொய்யைத் தோன் நிக்கனோர் திருத்தவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். டிசம்பரில் அண்ணன் விடுப்பில் வந்தான், சீருடையோடு. அம்மா இருநூறு தமாலே அவித்தாள். பிள்ளை தின்னட்டும் என்று சோள மாவைப் பிசைந்து பிசைந்து அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவன் அப்பாவையும் பத்ரீனோவையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு கடைத்தெருக் காப்பிக்கடைக்கு முன்வாசல் வழியாகப் போனான். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த என் அப்பா அந்தக் கடையில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். வீட்டுக்கு வந்து, "தண்ணிக் காப்பிதான்" என்றார். முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம் தோன் நிக்கனோர்.

பிப்ரவரியில் ரமீரோவுக்குப் பதினெட்டு ஆயிற்று. வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அந்த ஏப்ரலில் அம்மா லாரி ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கடிதம் வந்தால் வாங்க வீட்டில் ஆள் வேண்டும் என்றாள். மூன்று கடிதம் வந்தது. மே மாதம் இருபதாம் தேதி ஒரு ராணுவ அதிகாரி வந்தார்.

அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆஸ்பத்திரியானாலும் கடையானாலும் அவர்களுக்கு நடுவே நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்வது என் வேலை. எங்கள் வீடுகளில் மூத்த பெண்ணுக்கு அதுதான் வேலை. அன்றும் நான்தான் நின்றேன். அதிகாரி சொல்லச் சொல்ல நான் எங்கள் மொழியில் சொன்னேன். உங்க பிள்ளை இறந்துட்டான் என்று என் வாயால்தான் அவர்களுக்குச் சொன்னேன். அந்த மனிதர் இன்னும் நிறையப் பேசினார், எல்லாவற்றையும் நான் சொல்லியிருக்க வேண்டும். எதுவும் நினைவில்லை. அவருடைய பளபளக்கும் பூட்ஸின் மேல் எங்கள் தெருப் புழுதி ஒட்டியிருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

மடித்த கொடியை அம்மா கையில் கொடுத்தார்கள். பெட்டியின் முன்பக்கத்தை அப்பாவும் தோன் நிக்கனோரும் சுமந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்து அவர் கோயிலில் நற்கருணை வாங்க எழுந்து போனதே இல்லை. எல்லோரும் வரிசையில் போவோம், அவர் பெஞ்சிலேயே இருப்பார். கால் வலி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா, அம்மா, அவர், மூன்று காப்பி, ஒரு தட்டு இனிப்பு ரொட்டி. முப்பத்தெட்டு வருஷம். அம்மா கேட்பது ஒரே கேள்விதான்.

"சொல்லுங்க கொம்பாத்ரே, அன்னைக்கு மேடையில என்ன சட்ட போட்ருந்தான்?"

"நீலம் கொமாத்ரே. காலரு கொஞ்சம் பெருசு. என்னோட டையத்தான் கட்டிவிட்டேன்."

"பேரு கூப்பிட்டதும்?"

"ஓடிட்டான். நடந்து போகணும்னு சொல்லிக் குடுத்துருந்தாங்க. இவன் ஓடிட்டான்."

எத்தனையோ நூறு முறை கேட்டும் அம்மா அந்த இடத்தில் சிரிப்பாள். அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆறு வாரத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். என்ன தின்றான், எப்படித் தூங்கினான், எல்லாம் சொல்வார். ஜூன் மாதத்துக்கு வந்தால் மட்டும் எழுந்து தொப்பியைத் தேடுவார். 1990-ல் அப்பா போனபின்னும் இது நிற்கவில்லை. மூன்று காப்பி இரண்டானது, அவ்வளவுதான்.

2006-ல் நகரசபை புதுப் பள்ளிக்கு ரமீரோ ஓசுனா பெயர் வைப்பதாகத் தீர்மானம் போட்டது. அந்தப் பாரம்பரிய மாதத்தில்தான் திறப்பு விழா. அவனுடைய ராணுவக் கோப்பின் நகல் வேண்டும் என்றார்கள். நான் எழுதிப்போட்டு வரவழைத்தேன். அலுவலக மேஜையில் உறையைப் பிரித்தால் மூன்றாவது தாளிலேயே இருந்தது அந்தக் கையெழுத்து. பள்ளிச் சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் பார்த்த கையெழுத்து. என் கண்ணுக்குத் தப்புமா?

என் கோபம் ஊர் அறிந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பத்தைந்து வயது. சமையலறையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது அவருக்கு.

"உக்காரு அம்பாரோ."

"உக்கார வரல. இது நீங்க போட்டதா?"

"நான் போட்டதுதான்."

"அரசாங்கம் கூப்புடல. நீங்க அனுப்பினீங்க."

"ஆமா." எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவர் நின்றபடியே படிவத்தின் கதை முழுவதையும் சொன்னார். "உங்கப்பா சாகக் கெடந்தப்ப சொல்ல வாயெடுத்தேன். ‘கொம்பாத்ரே, ஒண்ணு சொல்லணும்’னேன். ‘ஒண்ணும் சொல்ல வேணாம்’னு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. விடவே இல்ல. மூச்சு வாங்கறவருகிட்ட எப்படி மல்லுக்கட்றது? விட்டுட்டேன். கொமாத்ரேகிட்டயாவது சொல்லிரணும். பேர்ப்பலகையத் தெறக்கற அன்னைக்குச் சொல்றேன்."

"சொல்லி? நீங்க நிம்மதியா சாவீங்க, எங்கம்மா நிம்மதியில்லாம சாவணும். அப்படித்தான?"

அவர் கை பட்டுப் பீன்ஸ் கொஞ்சம் தரையில் சிந்தியது.

"முப்பத்தெட்டு வருஷம் எங்க வீட்ல காப்பி குடிச்சீங்க. அந்தப் பொம்பள உங்களக் கும்பிடாத குறையா ஒக்கார வெச்சு ஊத்துச்சு. எப்படி உள்ள எறங்குச்சு உங்களுக்கு?"

"எறங்கல புள்ள."

"எங்கம்மா இருக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. பலகை தெறக்கற எடத்துக்கும் வராதீங்க."

ஐம்பது வயதுப் பெண் எண்பத்தைந்து வயது மனிதரிடம் அப்படிப் பேசினேன். நியாயம் என் பக்கம் என்று நினைத்தேன். "சரி" என்றார். தரையில் சிந்தியிருந்த பீன்ஸைக் குனிந்து பொறுக்கினார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

திறப்பு விழாவன்று வாத்தியக்காரர்கள் ஊதினார்கள், மேயர் எங்கள் மொழியில் நான்கு வாக்கியம் பேசினார். அந்த மொழியில் பேசியதற்காக அடிவாங்கிய நாங்கள் எழுந்து கைதட்டினோம். முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவின் இடத்தில் ஒரு நாற்காலி. அதில் தோன் நிக்கனோர் உட்கார வேண்டும் என்று குழுவிடம் சொல்லி வைத்தவள் அம்மாதான். நாற்காலி கடைசிவரை காலி. அம்மா பலகையைப் பார்க்கவில்லை, திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"கொம்பாத்ரே எங்கடி?"

"மூட்டு வலியாம்மா. நடக்க முடியலையாம்."

அவர் கோயிலுக்கும் வருவதை நிறுத்தியிருந்தார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும். அவரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, நான் போய்ப் பாக்கறேன் என்றாள். டாக்டர் யாரும் வரக் கூடாதுன்னுருக்காரு என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜனவரியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையாம், எட்டிப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி போயிருந்தாராம். கோட்டைப் போட்டிருந்தாராம். அவர் போனது ஞாயிற்றுக்கிழமை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா கறுப்பு முக்காட்டை எடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுடைய அழுகையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எதற்கு இந்த மனிதருக்காக இப்படி அழுகிறாள் என்று ஆத்திரம். சொல்லிவிட்டேன்.

"அம்மா, அண்ணன அரசாங்கம் கூப்புடல. சேரறதுக்குக் கையெழுத்துப் போட்டது இவருதான்."

அம்மா கண்ணைத் துடைத்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீதான சொன்ன."

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஆபீசர் வந்தாரே, நீதான நடுவுல நின்ன? ‘உங்க பையனுக்குப் பதினேழு வயசுலயே நீங்க அப்பாவா கையெழுத்துப் போட்டு அனுப்பி வெச்சீங்களாம், அதுக்கு நாடு நன்றி சொல்லுதாம்’னு நீதான்டி சொன்ன. கிளிப்பிள்ள கணக்காச் சொன்ன. உங்கப்பாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. அவரு என்னப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். யாரு போட்ருப்பாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். உங்கப்பா ராத்திரியெல்லாம் முற்றத்துல நடந்தாரு. போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்னாரு. விடிஞ்சதும் அவராவே சொன்னாரு. கொம்பாத்ரேகிட்ட ஒரு வார்த்த தடிச்சா, அது செத்த புள்ள தலையில விழும்னாரு. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த ஆளு இந்தப் பக்கமே வர மாட்டாரு எர்லிந்தான்னாரு. புள்ளையும் போயி, இவரும் போயிட்டா, ரமீரோவப் பத்தி நமக்குச் சொல்ல யாரு இருக்கா?"

அப்பா சாகும்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. தோன் நிக்கனோருக்கு அது விளங்கவே இல்லை. மரியாதைக்காக ஒருவரிடம் ஒருவர் பேசாமல் இருந்தே இரண்டு மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

"மன்னிச்சுட்டீங்களா அவர?"

"மொதல் வருஷம் முடியல. அப்புறம் அவரு பாவத்த வெச்சுட்டு வாங்கக் கூடாதுன்னு நற்கருணைக்கு எந்திரிக்காததப் பாத்தேன். என்னைவிட அதிகமா அழறவருகிட்ட என்னத்தக் கோவிக்கறது?" முக்காட்டை எடுத்து மடியில் மடித்தாள். "பாவம், சொல்லணும்னு தவிச்சாரு. எனக்குத் தெரியும். நாமே சொல்லிரலாம்னு இருந்தேன்டி. பலகை தெறக்கறன்னைக்கு, பக்கத்துல ஒக்கார வெச்சு, கையப் புடிச்சு, எங்களுக்கு அப்பவே தெரியும் கொம்பாத்ரே, மனசுல வெச்சுக்காதீங்கன்னு. அதுக்குத்தான் அந்த நாற்காலியப் போடச் சொன்னேன். அவரு வரல."

இப்போது அம்மாவுக்கு எழுபத்தொன்பது. பழையபடி ஞாயிற்றுக்கிழமை காப்பி போடுகிறாள். எதிரே உட்காருவது நான். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் இதை எழுத முடிகிறது. என் வாயால் சொல்லத் துணிவில்லை. தோன் நிக்கனோரை இந்த வீட்டில் எல்லோரும் எப்போதோ மன்னித்துவிட்டார்கள். அந்தச் செய்தி அவரைப் போய்ச் சேராமல் நடுவே நின்றவள் நான்.

போன ஞாயிறும் அம்மா கேட்டாள்.

"மூட்டு வலி ரொம்பவாடி இருந்துச்சு அவருக்கு?"

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப."